இரண்டு நாற்பதிலிருந்து ஏழரை வரை

எதிர் வீட்டு ஸ்டாலெக்கர் தம்பதிக்கு நான் செய்தது வாயைத் திறந்து செய்த கெடுதல் அல்ல, மூடிக்கொண்டு செய்தது. அதனால்தான் எங்கள் பர்ச் தெருவில் இன்றுவரை யாரும் என்னைக் குற்றம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று தோன்றுகிறது.

கார்வெல்லில் அக்டோபர் பிறந்தால் வீட்டுப் புல்வெளிகளில் கட்சிப் பலகைகள் முளைத்துவிடும். ஒரு வீட்டுக்குள் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று பலகையைப் பார்த்தே முடிவு செய்துகொள்வோம். ஸ்டாலெக்கர் வீட்டில் மட்டும் இரண்டு பலகை இருக்கும். கார் போகும் பாதைக்கு இடப்பக்கம் லோர்னாவின் டெமாக்ரட் பலகை, வலப்பக்கம் வெர்னின் ரிபப்ளிகன் பலகை. வீட்டில் ஒரே சுத்தியல்தான். ஒருத்தர் அடித்துவிட்டு மற்றவரிடம் கொடுப்பார்கள். யாருடைய பலகை அரை அங்குலம் உயரம் என்று அதற்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

இத்தனை தடபுடலும் செய்துவிட்டு இருவரும் ஓட்டுப் போடப் போவதில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனாதிபதித் தேர்தலில் சண்டை முற்றி, லோர்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்தாள். திரும்பி வந்தபோது இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நீ போடுவதை நான் அழிக்கிறேன், நான் போடுவதை நீ அழிக்கிறாய், பிறகு எதற்கு இரண்டு பேரும் போய் வரிசையில் நிற்க வேண்டும்? தேர்தலன்று பள்ளிக்கூடம் விடுமுறை. பள்ளிச் சமையல்கட்டில் வேலை பார்க்கும் லோர்னா பன்றித்தொடை எலும்பு போட்டு பீன்ஸ் சூப் வைப்பாள், சோள ரொட்டி சுடுவாள். ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு சாயங்காலம் வரை வீட்டிலேயே இருப்பார்கள். கார்வெல்லில் பாதிப் பேர் ஓட்டுப் போட வருவதே இல்லை. வராததற்கு ஒரு கொள்கை வைத்திருந்தது அந்த வீடு மட்டும்தான்.

நான் முப்பது வருடம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். பெயர் ரோவீனா, தெருவில் ரோ. கணவர் இறந்தபிறகு, தேர்தல் நாட்களில் லூதரன் தேவாலயக் கூடத்தில் வாக்காளர் பதிவேட்டோடு உட்காரும் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். ஒன்பது தேர்தல் ஆகிவிட்டது. அந்த மேசையில் உட்காரும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். இரண்டு கட்சிக்காரர்களும் என்னை நம்புகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் ஆளுநர் தேர்தல். தாளின் முன்பக்கம் முழுக்க ஆட்களின் பெயர்கள். பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்துக்காக வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா, ஆமா, இல்லையா?

தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தெருவே இலை வாரிக்கொண்டிருந்தது. திங்கள் காலை நகராட்சி லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், அதற்குள் எல்லாம் சாலையோரம் சேர்ந்தாக வேண்டும். இரண்டு நாள் மழையில் ஓக் இலைகள் ஊறிக் கனத்துப்போயிருந்தன. லோர்னா வாரினாள். வெர்னுக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்ததால் அவன் வாருகோலில் சாய்ந்து நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுது பார்த்தவன், இப்போது பழைய வாடிக்கையாளர் யாராவது கெஞ்சினால் மட்டும் போவான்.

"இந்தத் தடவையாவது வந்து போடேன், லோர்னா," என்றேன் நான். "பின்பக்கத்துல பள்ளிக்கூட வரி இருக்கு. உன் சமையக்கட்டு விஷயம்."

"அது ஜெயிச்சிடும். எப்ப தோத்திருக்கு? போன தடவை எழுநூறு ஓட்டு அதிகமா வந்துது."

"அதுக்கு நானும் ஆமாதான்," என்றான் வெர்ன். "ரிபப்ளிகன்னா வரின்னு சொன்னாலே ஓடிடுவான்னு நினைக்காத, ரோ. பொண்டாட்டி சம்பளமும், அவ வேலை இன்ஷூரன்ஸ்ல என் மாத்திரையும் அதுலதான் வருது."

"அப்ப ரெண்டு பேருமே வாங்க. பின்பக்கத்தை மட்டும் நிரப்பிட்டுப் போங்க. முன்பக்கத்தைத் தொட வேணாம்."

லோர்னா வாருவதை நிறுத்தினாள். "நல்லா இருக்கே. பேனாவையும் குடுத்து, மறைவா நிக்க ஒரு இடமும் குடுத்துட்டு, முன்பக்கத்தைத் தொடாதன்னு இவன்கிட்ட சொல்லணுமா? வீட்டுல பிஸ்கட் டப்பாவையே நான் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறேன்."

"உன் கை மட்டும் சும்மா இருக்குமா? ஆளுநர் பேரைப் பாத்ததும் துடிக்காது?" என்றான் வெர்ன்.

"துடிக்கும். அதனாலதான் நான் போகல. நீயும் போகாத."

"நான் எங்க போறேன்? சூப் இருக்குல்ல."

மூவரும் சிரித்தோம். லோர்னா ஈர இலைகளை ஒரு கை அள்ளி அவன் சட்டைக்குள் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கே தேவாலயக் கூடத்தில் இருந்தோம். கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தோம். மேசைக்கு இரண்டு பேர், கட்சிக்கு ஒருவர். டெமாக்ரட் சார்பில் நான், என் பக்கத்தில் ரிபப்ளிகன் சார்பில் ஹெர்ம் டிட்மர், பழைய டயர் வியாபாரி. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் வரிசை வாசல் தாண்டி மழையில் நின்றது. பத்து மணிக்கு மேல் கிழவர்கள். மத்தியானம் ஈ ஓட்டினோம். யாரோ கொண்டுவந்த டோனட் பெட்டி காலியாகி, ஹெர்ம் பெட்டியில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாற்பதுக்கு வெர்ன் உள்ளே வந்தான். வேலைக்குப் போகும் நீலச் சட்டை, நனைந்த தொப்பி. என்னைப் பார்த்ததும் அவன் கால் ஒரு நொடி தயங்கியது. திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். வந்து நின்றான்.

"பேரும் விலாசமும் சொல்லுங்க," என்றேன். இருபத்தேழு வருடமாக எதிர் வீடு. கேட்காமல் விட முடியாது.

"வெர்னன் ஸ்டாலெக்கர். பதினெட்டு, பர்ச் தெரு." குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரோ, ஐவர்சன் கிழவி வீட்டுல ஃபர்னஸ் நின்னு போச்சுன்னு லோர்னாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நான் கேக்கலையே."

"ஆளுநருக்காக. ரொம்ப நெருக்கம்ங்கறாங்க இந்தத் தடவை. இந்த ஒரு தடவைதான்."

"கையெழுத்து இங்க."

போட்டான். மறைப்புக்குள் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தாளை மெஷினுக்குள் விட்டுவிட்டு, 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கரை வாங்காமல், பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான்.

"ஸ்டாலெக்கரா அது? அப்ப ஒப்பந்தம் போயே போச்சு," என்று ஹெர்ம் சிரித்தார். "உங்க பக்கம் ஒண்ணு குறையுது, ரோ. அவளுக்கு ஒரு ஃபோனைப் போட்டுக் கூப்பிடுங்களேன்."

"நான் இங்க கட்சிக்காக உக்காரல."

"நானா இருந்தா கூப்பிட்டிருப்பேன்," என்றார் அவர், மறுபடியும் பெட்டிக்குள் விரலை விட்டுக்கொண்டு.

அவர் சொன்னதை நான் அற்பமாக நினைத்தேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவரைப் போலவா நான் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு, அதுவரை ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலைச் சட்டப்படி வாசல் கதவில் ஒட்டினேன். அதில் வெர்ன் பெயர் இருந்தது. தெருவில் போகிற எவரும் நின்று படித்துக்கொள்ளலாம். அதில் என்ன ரகசியம்? காலையில் எடுத்த உறுதிமொழியிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காபி குடிக்க இரண்டு தடவை எழுந்து போனேன். கைப்பையில் ஃபோன் இருந்தது. கணவன் மனைவிக்கு நடுவில் நாம் எதற்கு என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை எதையும் நினைக்கவில்லை. ஏழரைக்குக் கதவைச் சாத்தினோம்.

பள்ளி வரி அன்று ராத்திரிச் செய்தியில் பதினொரு ஓட்டில் ஜெயிப்பதுபோல இருந்தது. பிறகு தபால் ஓட்டுகள் வந்தன. சந்தேகத்தில் நிறுத்திவைத்த ஓட்டுகளையும் எண்ணினார்கள். மூன்று வாரம் கழித்துக் கடைசிக் கணக்கு வந்தது. ஆமா, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. இல்லை, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. திரும்ப எண்ணினார்கள். அதேதான். சமமாக வந்தால் தோற்றதாகத்தான் அர்த்தம். ஒன்றாவது கூட வேண்டும்.

பள்ளி நிர்வாகம் முதலில் சமையல்கட்டில் கை வைத்தது. ஜனவரியிலிருந்து பள்ளிக்கூடத்தில் சமைப்பதில்லை, வெளியூரிலிருந்து டப்பாவில் வருவதைச் சூடாக்கிக் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். பதினொரு பெண்களில் சூடாக்குவதற்கு இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி முதல் இடம் லோர்னாவுக்கு, இருபத்து நான்கு வருட சர்வீஸ். மூன்றாவதாக நின்றவள் ஒடெஸா பிரூயிட். ஒரு இடம் தள்ளி நின்றதால் அவளுக்கு வேலை போயிற்று.

அந்தச் சமையல்கட்டை நான் பார்த்திருக்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு விளக்கு எரியும். ஆள் உயர மிக்ஸரில் மாவு பிசைந்து, எஃகு மேசையில் உருட்டி, நீளமாக அறுத்து நூடுல்ஸ் போடுவார்கள். கோழிக் குழம்பில் வெந்த அந்த நூடுல்ஸை மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக் கொடுக்கிற வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் யாரும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர மாட்டார்கள். பதினொரு பேரும் ஒருத்தி பேச்சை ஒருத்தி கேட்காமல் ஒரே நேரத்தில் பேசுவார்கள். லோர்னாவின் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

கணக்கு வந்த மறுவாரம் லோர்னா என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை.

"எங்க சமையக்கட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றாள்.

"என்னத்தை?"

"நான் ஓட்டுப் போடலங்கறதை. ஒப்பந்தம், சூப், எல்லாத்தையும். தெருவுல நம்ம சிரிச்சதெல்லாம் அங்க ஒருத்திக்கும் சிரிப்பா இல்ல, ரோ."

"ஒடெஸா என்ன சொன்னா?"

"மாவு உருட்டிக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நான் ரெண்டு வேலைக்கு நடுவுல அரை மணி நேரம் மழையில நின்னு போட்டேன், லோர்னா'ன்னா. அவ்வளவுதான். நல்லாத் திட்டியிருக்கலாம் அவ. அவ பையனுக்கு ஆஸ்துமா. மருந்தெல்லாம் பள்ளிக்கூட இன்ஷூரன்ஸ்ல ஓடிக்கிட்டிருந்தது."

நான் மேசைத்துணியின் மடிப்பை நீவினேன்.

"நாங்க ரெண்டு பேரும் போயிருந்தா ரெண்டு," என்றாள். "ரெண்டுகூட வேணாம். ஒண்ணு போதும். தேவாலயம் இங்கேருந்து நடந்து போற தூரம். நான் வீட்டுல உக்காந்து பீன்ஸ்ல கல் பொறுக்கிக்கிட்டிருந்தேன்."

"நீ மட்டுமா போகல? இந்த ஊருல பாதிப் பேர் போகல. இந்தத் தெருவுலயே எட்டு வீடு."

"அவங்க யாரும் ஒடெஸா பக்கத்துல நின்னு மாவு உருட்டல. நான் உருட்டறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு முடிவு பண்ணிட்டேன். என் இடத்தை அவளுக்குக் குடுக்கறேன். கடிதம் எழுதி வச்சாச்சு. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி குடுக்கணும்."

"பைத்தியமா உனக்கு? வெர்ன் வைத்தியத்துக்கு என்ன பண்ணுவ? அறுபத்தஞ்சு வயசுல வர்ற அரசாங்க இன்ஷூரன்ஸுக்கு அவனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"அவனும் இதேதான் கேட்டான். ரெண்டு பேரும் சேந்து பண்ணின தப்பு, ரெண்டு பேரும் சேந்து அனுபவிப்போம்னேன். எழுந்து காரேஜுக்குப் போயிட்டான். நாலு நாளா அங்கதான் கிடக்கறான். பாவம், அவனுக்கும் உறுத்துது போல."

பாவம் என்று அவள் சொன்னபோதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவள் கையில் ஒரு டப்பா நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தாள், எனக்காக. அதை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் காரேஜுக்குப் போனேன். வெர்ன் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரைக் கழற்றி, துண்டு துண்டாகச் செய்தித்தாள் மேல் பரப்பியிருந்தான். சின்ன ஹீட்டர் ஒன்று காலடியில் சிவந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ வாயைத் திறக்கல," என்றான் என்னைப் பார்க்காமல். "நான் உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல, ரோ."

அந்த நன்றியைக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. "அதை விடு. அவ எல்லாப் பழியையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டிருக்கா. நீ உண்மையைச் சொல்லிடு. நீயாவது போய் ஆமான்னு போட்டதாலதான் சமமாவது வந்துதுன்னு சொல்லு. கோபப்பட்டாலும் அவளுக்கு ஆறுதலா இருக்கும்."

வெர்ன் துணியால் விரல்களைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"நான் திருப்பவே இல்ல, ரோ."

"எதை?"

"தாளை."

பின்பக்கத்தில்தான் பள்ளி வரி இருந்தது.

"மேல ஆளுநருக்கு வட்டத்தை நிரப்பினேன்," என்றான். "கடையில எதையோ எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டவன் மாதிரி இருந்துது. மறைப்பு ஓரமா உன் முதுகு தெரிஞ்சுது. வெளிய போனாப் போதும்னு மெஷின்ல விட்டுட்டேன். வேன்ல ஏறி அரை மைல் போன பிறகுதான் பின்பக்கம் ஞாபகம் வந்துது. மெஷின் ஒரு தடவை முழுங்கினா முழுங்கினதுதான?"

"ஆமா."

"அங்கேயே ஓரமா வேனை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். சரி, எழுநூறு ஓட்டுல ஜெயிக்கிற வரிதான, என்ன இப்பன்னு வீட்டுக்குப் போய் சூப் குடிச்சேன். ஐவர்சன் கிழவிக்கு என்ன ஆச்சுன்னு லோர்னா கேட்டா. உள்ள இருக்கற தெர்மோகப்பிள் போயிடுச்சுன்னேன்." மோட்டாரின் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "ஆளுநராவும் என் ஆளு வரல. அறுபதாயிரம் ஓட்டு வித்தியாசம். நான் போனதும் போகாததும் ஒண்ணுதான்."

"சொல்லிடு, வெர்ன்."

"சொன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போவா. இந்தத் தடவை ஒன்பது நாள்ல திரும்பி வர மாட்டா."

"சொல்லலைன்னா உன் தப்புக்கும் சேத்து அவ வேலையை விடுவா. உன் மருந்தும் போகும்."

அவன் குனிந்து ஹீட்டரை அணைத்தான். பிறகு, "நீயும் கூட வா," என்றான். "தனியா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

சனிக்கிழமை மத்தியானம் போனோம். பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. லோர்னா மேசை முழுக்க மாவு தூவி நூடுல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இனி அறுக்க வேண்டியதில்லை என்றானபிறகு வீட்டில் அறுப்பதை அவள் நிறுத்தவில்லை. உறையில் போட்ட கடிதம் மாவு படாமல் ஜன்னலோரம் இருந்தது. வெர்ன் தொப்பியைக் கழற்றாமலே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஐவர்சன் கிழவி, ஆளுநர், தாளைத் திருப்பாதது, எதையும் மறைக்கவில்லை. லோர்னாவின் கத்தி நிற்கவில்லை. அவன் முடித்தபிறகும் அந்த வரிசையை அறுத்து முடித்துத்தான் தலை நிமிர்ந்தாள்.

"எத்தனை தடவை?"

"இது ஒண்ணுதான்."

"இருபத்திரண்டு வருஷத்துல இது ஒண்ணுதான்? அதை நான் நம்பணும்?"

"சத்தியமா, லோர்னா."

அவனுக்கு உதவி செய்கிறேன் என்று நான் முந்திக்கொண்டேன். "நிஜம்தான். நான் உக்காந்த ஒன்பது தேர்தல்ல அவன் வந்தது இது ஒண்ணுதான்."

லோர்னா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் வெர்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீதான் மேசையில இருந்தே."

"ஆமா."

"எத்தனை மணிக்கு வந்தான்?"

"ரெண்டு நாப்பது."

"நீங்க எப்ப மூடினீங்க?"

"ஏழரைக்கு."

அவள் விரல் மேசைமேல் மாவில் எதையோ கணக்குப் போட்டது. "அஞ்சு மணி நேரம், பத்து நிமிஷம் கம்மி. நான் இங்கதான் இருந்தேன், ரோ. தங்கச்சி கூப்பிடுவான்னு ஃபோனை நாள் பூரா ஏப்ரன் பையிலயே வச்சிருந்தேன். 'உன் புருஷன் வந்துட்டுப் போறான்'னு ஒரு வார்த்தை. செருப்பு மாட்டாம ஓடி வந்திருப்பேன். எனக்கு இருக்கற கோபத்துல தாள்ல ஒரு மூலை விடாம நிரப்பியிருப்பேன்."

"சட்டப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சரிபார்க்கப் போவதில்லை. "இல்ல," என்றேன்.

"பின்ன ஏன் சொல்லல?"

"எல்லாரும் என்னை நடுநிலையானவள்னு சொல்லணும். அது எனக்குப் பிடிச்சிருந்துது. வேற காரணம் எதுவும் இல்ல, லோர்னா."

லோர்னா கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். பிறகு வெர்ன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைத்துப்போயிருந்தது.

"கடிதம் போகுது. இது தெரிஞ்சா நான் மனசு மாறுவேன்னு பாத்தியா? எவன் தப்பா இருந்தாலும் ஒடெஸா பையன் மூச்சு ஒண்ணுதான். ஃபர்னஸ் வேலைன்னு சொல்லிட்டுத்தான போன அன்னிக்கு? இனிமே நிஜமாவே போ. இன்ஷூரன்ஸை வெளிய வாங்கறதுக்கு என் சம்பளம் மட்டும் பத்தாது. நான் முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல வேலை கேட்டிருக்கேன்."

"போறேன்," என்றான் வெர்ன். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்லாததே அவனுக்குப் போதுமாக இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். லோர்னா அவனுக்குப் பின்னால் போய் நின்று அந்த நனைந்த தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்ள ஆயிரம் வழி இருந்தது. ஒரே படுக்கை, ஒரே மேசை, ஒரே சுத்தியல். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தெருதான் இருந்தது, அது அந்தக் குளிர்காலத்தில் மிகவும் அகலமாகிவிட்டது.

ஜனவரியிலிருந்து காலை ஐந்தரைக்கு வெர்னின் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அறுபத்திரண்டு வயதில், இரண்டு ஸ்டென்டோடு, வீடுகளுக்கு அடியில் இருக்கும் இரண்டடி இடுக்கில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறான். குளிரில் என்ஜின் இருமும். நான் படுக்கையில் கண்ணைத் திறந்து அது தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஒடெஸா பள்ளிக்கூடத்தில் டப்பாக்களைச் சூடாக்குகிறாள். பிள்ளைகள் பாதியைக் குப்பையில் போடுகிறார்கள் என்று சொன்னார்கள். லோர்னா மத்தியான ஷிப்டுக்குப் போய் ராத்திரி வருகிறாள். தெருவில் என்னைக் கண்டால் கையை உயர்த்துவாள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரியான கை.

வசந்தத்தில் பள்ளி வரி மறுபடியும் ஓட்டுக்கு வருகிறது. மேசையில் உட்கார முடியுமா என்று கவுண்டி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முடியாது என்று எழுதிவிட்டேன். காரணம் என்று இருந்த கட்டத்தில் உடல்நிலை என்று போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை எழுந்தபோது வீடு ஐஸ் பெட்டியாக இருந்தது. ஃபர்னஸ் நின்றுபோயிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெர்னின் வேன் எதிரே நின்றிருந்தது. என் வீட்டு அடித்தளத்து இடுக்கு தெருவிலேயே மோசமானது, முழங்கால் உயரம்தான் இருக்கும், தரை முழுக்க ஈர மண். அவன் அதில் ஊர்ந்து போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டேன். ஒரு இளைஞன் வந்து இறங்கினான். அவனுக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. பத்து வாரத்துக்குப் பிறகு லோர்னாவின் குரல்.

"உன் வாசல்ல யாரோட வேன்?"

"ஃபர்னஸ் நின்னு போச்சு," என்றேன். அவள் கூப்பிட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "வெர்னை இந்தக் குளிர்ல அதுக்குள்ள படுக்க வைக்க மனசு வரல, லோர்னா. அவனுக்கு இருக்கற உடம்புக்கு..."

"அவன் காலையிலேருந்து சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இந்த வாரம் பூரா ரெண்டே ரெண்டு பேர்தான் கூப்பிட்டாங்க. இன்ஷூரன்ஸ் வெள்ளிக்கிழமை கட்டணும். ஜன்னல்ல நின்னு உன் வாசலைப் பாத்துட்டு இப்ப போய்ப் படுத்துக்கிட்டான்."

"அவனுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"நீ எங்களுக்கு நல்லது நினைக்கும்போதெல்லாம் எங்களைக் கூப்பிடவே மாட்ட, ரோ," என்றாள் லோர்னா.

ஃபோனை வைத்துவிட்டாள். எதிரே ஜன்னல் திரை மூடியிருந்தது. தரைக்கு அடியில் அந்த இளைஞன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது, பிறகு ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. வீடு மெல்லச் சூடாக ஆரம்பித்தது.